வலைத்தளப் பக்க அமைப்பைத் திட்டமிடும் முறைகளும் தமிழ்ப் பனுவலும்: எண்ணூர் – திருவொற்றியூர் பகுதிக்கான தகவல் தளத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வலைத்தளம் ஒன்றை உருவாக்குமுன் அதன் பக்க அமைப்பைத் திட்டமிடுவதற்கும் மாதிரி வரைந்து பார்ப்பதற்கும் பல முறைகள் வழக்கில் உள்ளன. தளவரைபடம், சட்டக வரைவு, மாதிரித் தோற்றம், இயங்கு முன்மாதிரி ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவை உரோமன் எழுத்தில் அமைந்த மொழிகளின் இயல்பை ஒட்டி வளர்ந்தவை. தமிழ்ப் பனுவலைத் தாங்க வேண்டிய தளங்களுக்கு இம்முறைகள் எவ்வளவில் பொருந்துகின்றன, எங்கே மாற்றம் வேண்டுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பகுதி மக்களுக்கான பேரிடர்த் தகவல் தளம் ஒன்று விளக்கத்தின் பொருட்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. உண்மையான தமிழ் உரையை முதலில் எழுதி, அதனைக் கொண்டே பக்கத்தை வரையும் முறையே தமிழுக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பக்க அமைப்பு, தளவரைபடம், சட்டக வரைவு, மாதிரித் தோற்றம், முன்மாதிரி, நிரப்புரை, ஒருங்குறி, பதிப்பியல், வடசென்னை.

முன்னுரை

இதழ் ஒன்று அச்சேறுமுன் அதன் பக்கங்களைத் தாளில் மடித்து, எந்தப் பக்கத்தில் எது வரும் என்று குறித்துப் பார்ப்பது அச்சுத்தொழிலில் நெடுநாள் வழக்கம். அச்சகத்தார் இதனை ‘டம்மி’ என்பர். தவறு நேர்ந்தால் தாளிலேயே திருத்திக்கொள்ளலாம். அச்சுக் கோத்தபின் திருத்துவது பொருட்செலவும் காலச்செலவும் உடையது. வலைத்தள உருவாக்கத்தில் வரைவுகளும் மாதிரிகளும் செய்யும் பணியும் இதுவே.

ஆயினும் அச்சுக்கும் வலைத்தளத்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அச்சுப் பக்கத்தின் நீள அகலம் மாறாதது. வலைப்பக்கமோ படிப்பவரின் கருவிக்கேற்ப விரியும், சுருங்கும். மேசைக்கணினியில் மூன்று பத்தியாக நிற்கும் பக்கம் கைப்பேசியில் ஒரே பத்தியாக நீளும். எனவே வலைத்தள மாதிரி என்பது ஒரு தோற்றத்தை மட்டும் காட்டினால் போதாது. பனுவல் பல அகலங்களில் எவ்வாறு ஒழுகும் என்பதையும் காட்ட வேண்டும். பனுவலின் மொழி இங்கேதான் முதன்மை பெறுகிறது.

ஆய்வுக்குரிய எடுத்துக்காட்டு

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் பெருமழையோடு எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெய்க் கழிவு பரவியது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் உள்ளிட்ட மீனவ ஊர்களில் படகுகளும் வலைகளும் எண்ணெய் படிந்து கெட்டன. அதனைத் தொடர்ந்து தமிழக அரசு மூவகை உதவியை அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளைச் சீர்செய்யத் தலா ரூ.10,000, பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்ததால் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அதற்கு முன்பு, 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதியதில் பரவிய எண்ணெய், கடலோரத்தில் வாளிகளால் அள்ளப்பட்டது.

துறைமுகங்களும் ஆலைகளும் மீனவ ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த இப்பகுதிக்கெனத் தமிழில் ஒரு பேரிடர்த் தகவல் தளம் அமைப்பதாகக் கொள்வோம். இது விளக்கத்திற்காகக் கருதிக்கொள்ளப்படும் தளமே. இதனைப் படிப்போர் பெரும்பாலும் கைப்பேசியையே பயன்படுத்துவர். அச்சத்திலும் அவசரத்திலும் படிப்பர். ‘இப்போது என்ன செய்ய வேண்டும்’, ‘எனக்கு என்ன உதவி உண்டு’ என்னும் இரு வினாக்களுக்கு விடை தேடுவர். அவ்விடை கண்ணில் படாமற்போனால் அழகிய வடிவமைப்பினால் பயனில்லை. திட்டமிடும் முறைகளை மதிப்பிடுதற்கு இதுவே அளவுகோலாகும்.

முதல் முறை: கட்டமைப்பிலிருந்து தொடங்குதல்

தளத்தில் இடம்பெறும் செய்திகளைப் பட்டியலிட்டு, வகைப்படுத்தி, எந்தப் பக்கத்தின்கீழ் எது அமையும் என்று மரக்கிளை போல வரைவது தளவரைபடம். ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைபடத்தில் வலைத்தள உருவாக்கத்தை நோக்கம், எல்லை, கட்டமைப்பு, சட்டகம், மேற்பரப்பு என்னும் ஐந்து தளங்களாகப் பகுத்தார். கண்ணுக்குப் புலனாகும் மேற்பரப்பு இறுதியில்தான் வருகிறது என்பது இப்பகுப்பின் உட்கிடை.

தமிழ் மரபில் இச்சிந்தனை புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் நூலின் உறுப்புகளைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என வைக்கிறது. ஒருபொருள் நுவல்வது சூத்திரம். ஓரினப் பொருள்களை நிரல்பட வைப்பது ஓத்து. பலவகைப் பொருள்களைப் பொதுவாகத் தழுவுவது படலம். இம்மூன்றையும் அடக்குவது பிண்டம். வலைத்தளத்தின் தனிச்செய்தி, பக்கம், பிரிவு, முழுத்தளம் ஆகியவற்றை இவற்றோடு பொருத்திப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றே எனக் கூறுவது மிகையாகும். இனமொத்தவற்றை ஓரிடத்தில் வைத்தல் என்னும் நெறி பொது என்பதே இங்குக் கருதத்தக்கது.

எது இனமொத்தது என்பதை யார் முடிவு செய்வது என்னும் வினா அடுத்து எழுகிறது. தளத்தை அமைப்போர் இயல்பாகத் துறைவாரியாகப் பகுப்பர்: மீன்வளத்துறை, வருவாய்த்துறை, மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எண்ணூர்ப் பகுதியில் இப்பகுப்பு படிப்பவருக்கு உதவாது. முகத்துவாரத்தின் ஒருபுறம் சென்னை மாவட்டமாகவும், காட்டுப்பள்ளி உள்ள மறுபுறம் திருவள்ளூர் மாவட்டமாகவும் உள்ளது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் தனி நகராட்சிகளாக இருந்து 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தவை. எந்தச் செய்தி எந்த அலுவலகத்துக்குரியது என்பது அங்கு வாழ்வோர்க்கே எளிதில் விளங்குவதன்று.

இதற்குத் தீர்வாக அமைவது அட்டை வகைப்படுத்தல் என்னும் உத்தி. ஒவ்வொரு செய்தித் தலைப்பையும் தனி அட்டையில் எழுதி, படிக்கப்போகும் மக்களிடமே தந்து, சேர்ந்தவற்றைச் சேர்த்து வைக்கச் செய்து, அத்தொகுதிகளுக்கு அவர்களே பெயரிடுமாறு கேட்பது இதன் முறை. வகைப்பாடு மட்டுமன்றிச் சொல்லும் இதனால் கிடைக்கிறது. அலுவல் ஏடுகளில் ‘கழிமுகம்’ என்று எழுதப்படுவது ஊர் வழக்கில் ‘முகத்துவாரம்’. முகத்துவாரக்குப்பம் என்னும் ஊர்ப்பெயரே அதற்குச் சான்று. பட்டியில் எந்தச் சொல்லை இடுவது என்பது வடிவமைப்புச் சிக்கலாகத் தோன்றினும் அது வழக்குச்சொல் ஆய்வாகவே முடிகிறது.

இரண்டாம் முறை: சட்டக வரைவு

கட்டமைப்பு உறுதியானபின் ஒவ்வொரு பக்கத்திலும் எது மேலே, எது கீழே, எது பெரிது, எது சிறிது என்பதை வண்ணமும் படமும் இன்றிக் கோடுகளாலும் பெட்டிகளாலும் வரைவது சட்டக வரைவு. தொழில்வழக்கில் இது ‘வயர்ஃபிரேம்’ எனப்படும். தாளும் எழுதுகோலும் இதற்குப் போதும். வரைவு செப்பமற்றதாக இருப்பதே இதன் வலிமை. பார்ப்பவர் வண்ணத்தைப் பற்றிப் பேசாமல் வரிசையைப் பற்றிப் பேசுவர். வரைந்தவரும் அதனைக் கிழித்தெறியத் தயங்கமாட்டார்.

இதன் குறை, பனுவலைக் கோடுகளால் குறித்துவிடுவது. மூன்று அலைக்கோடுகள் மூன்று வரிகளைக் குறிக்கும். அம்மூன்று வரிகளில் சொல்ல வேண்டியது அடங்குமா என்பதை அலைக்கோடு சொல்லாது. மேற்கண்ட உதவித்தொகைச் செய்தியை ‘நிவாரணம்’ என்று ஒரு பெட்டியாக வரைந்தால் பணி முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் அச்செய்திக்குள் மூன்று வேறு பயனாளிகள் உள்ளனர். மீனவக் குடும்பம் ஒன்றில் படகு உடையவரும் இருக்கலாம். அவர் எந்த வகையில் சேர்வார், இரண்டிலும் சேர்வாரா என்னும் ஐயத்துக்குப் பக்கம் விடைதர வேண்டும். உரையை எழுதிப் பார்த்தாலன்றி இச்சிக்கல் தலைகாட்டுவதில்லை.

மூன்றாம் முறை: மாதிரித் தோற்றமும் நிரப்புரையும்

வண்ணம், எழுத்துரு, படம் அனைத்தும் சேர்த்து, முடிந்த பக்கம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே வரைந்து காட்டுவது மாதிரித் தோற்றம். ‘மாக்கப்’ என்பது தொழில்வழக்கு. முன்னர் ஃபோட்டோஷாப்பிலும் இப்போது ஃபிக்மா போன்ற மென்பொருள்களிலும் இது வரையப்படுகிறது. தளத்தை அமைக்கச் சொன்னவரிடம் ஒப்புதல் பெறுவதற்கு இம்முறை பெரிதும் பயன்படுகிறது. ஒப்புதல் எளிதில் கிடைப்பதே இதன் இடர்ப்பாடும் ஆகும்; பார்த்தவர் படத்துக்கு இசைவளிக்கிறார், பனுவலுக்கு அன்று.

உரை எழுதப்படாத நிலையில் மாதிரியை நிரப்ப ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும் நிரப்புரை உலகெங்கும் பயன்படுகிறது. கி.மு. 45இல் சிசரோ எழுதிய இலத்தீன் அறநூலிலிருந்து சிதைத்து எடுக்கப்பட்ட சொற்கள் அவை. 1960களில் லெட்ராசெட் எழுத்துத் தாள்கள் வழியாகவும், பின்னர்க் கணினிப் பக்க அமைப்பு மென்பொருள்கள் வழியாகவும் அது பரவியது. பொருள் கவனத்தை ஈர்க்காமல் வடிவம் மட்டும் கண்ணில் பட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு இலத்தீன் நிரப்புரை ஓரளவு ஒத்த தோற்றம் தரும். தமிழுக்கு அது தருவது பொய்த் தோற்றம். அதற்கான காரணங்கள் நான்கு.

முதலாவது, சொல்லின் நீளம். தமிழ் ஒட்டுநிலை மொழி; வேற்றுமை, பன்மை, பெயரெச்சம் முதலியன ஒரே சொல்லில் தொடர்ந்து ஒட்டுகின்றன. ‘பாதிக்கப்பட்டவர்களுக்கான’ என்பது இடைவெளியற்ற 15 எழுத்துச் சொல். கைப்பேசித் திரையில் பெரிய எழுத்தில் தலைப்பாக வரும்போது இது ஒரு வரியில் அடங்காமல் போகலாம்.

இரண்டாவது, வரி முறியும் இடம். தமிழ் அச்சு மரபில் வரியிறுதியில் இணைகுறி இன்றியே சொல்லைப் பிரிப்பது உண்டு. ஆயின் புள்ளி எழுத்தை அடுத்த வரியின் முதலில் வைப்பதில்லை. இணைய உலாவி இயல்பாக இடைவெளியில் மட்டுமே வரியை முறிக்கும். எங்கும் முறிக்கலாம் என்று கட்டளையிட்டால் மெய்யெழுத்து வரிமுதலில் வந்து நிற்கவும் இடமுண்டு. அச்சுக் கோப்பவர் கைப்பழக்கத்தால் காத்த நெறியை வலைப்பக்கத்தில் திட்டமிட்டே காக்க வேண்டியுள்ளது.

மூன்றாவது, எழுத்தின் உருவமும் எண்ணிக்கையும். ‘திருவொற்றியூர்’ என்னும் சொல்லில் இலக்கணப்படி ஏழு எழுத்துகள். ஒருங்குறியில் அது 14 குறியிடங்களாகப் பதிவாகிறது. தலைப்பு நீளுமானால் இத்தனை குறிகளோடு வெட்டிவிடுக என்று வடிவமைப்பாளர் வரம்பிடுவது வழக்கம். குறியிடங்களை எண்ணி 11இல் வெட்டினால் கிடைப்பது ‘திருவொற்றிய’. இது குறைந்த ஊர்ப்பெயராகக்கூடத் தோன்றாது. பெயரெச்சமோ என மயங்க வைக்கும். உரோமன் எழுத்தில் சொல் வெட்டுண்டால் குறைவு தெரியும். தமிழில் உயிர்க்குறியோ புள்ளியோ நீங்கினால் வேறு சொல்லே பிறந்துவிடக்கூடும்.

நான்காவது, வேறுபடுத்தும் உத்திகள். ஆங்கிலப் பக்கங்களில் தலைப்பைப் பேரெழுத்துகளால் எழுதியும், எழுத்துகளுக்கிடையே இடம் விட்டும், சாய்வாக்கியும் வேறுபடுத்துவர். தமிழில் பேரெழுத்து இல்லை. எழுத்திடைவெளியைக் கூட்டினால் கொம்பும் காலும் தம் எழுத்தினின்று விலகி நிற்பன போலத் தோன்றும். மேலும் மேல்விலங்கும் கீழ்விலங்கும் பெற்ற எழுத்துகள் அடுத்தடுத்த வரிகளில் முட்டாதிருக்க வரியிடைவெளி கூடுதலாக வேண்டும். ஆங்கில மாதிரிக்கு ஒப்புதல் பெற்றுப் பின்னர்த் தமிழை ஊற்றும்போது பக்கம் நீள்வதும் பொத்தான்கள் உடைவதும் இவற்றால் நிகழ்வன.

இம்முறையில் குறை கண்டபின் நேரும் திருத்தம் பெரும்பாலும் பனுவலின் மேலேயே விழுகிறது என்பது தமிழாய்வாளர் சிறப்பாகக் கருத வேண்டியது. பெட்டியைப் பெரிதாக்காமல் சொல்லைச் சுருக்குகின்றனர். அல்லது தமிழ்ச்சொல்லை நீக்கி ஆங்கிலச் சொல்லை இடுகின்றனர். அல்லது அறிவிப்பைப் படமாக்கி ஒட்டிவிடுகின்றனர். படமான எழுத்தைத் தேட முடியாது; பெரிதாக்கினால் மங்கும்; பார்வையற்றோர்க்கான திரைவாசிப்பான் அதனைச் சொற்களாகப் படித்துக் காட்டுவது அரிது.

நான்காம் முறை: உலாவியில் இயங்கும் முன்மாதிரி

தொடக்ககால வலைப்பக்கங்கள் அட்டவணைக் கட்டங்களுக்குள் உரையை அடைத்து அமைக்கப்பட்டன. 1996 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பாணித்தாள் தரத்தை வெளியிட்டபின் உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்து எழுதும் வழி பிறந்தது. திரைக்கேற்ப நெகிழும் வடிவமைப்பு என்னும் கருத்தை ஈதன் மார்கோட் 2010இல் முன்வைத்தார். கைப்பேசித் திரைக்கே முதலில் திட்டமிடுக என்னும் கருத்தை லூக் உரோப்லெவ்ஸ்கி அக்காலத்திலேயே வலியுறுத்தினார். சிறிய திரையில் எல்லாவற்றுக்கும் இடமில்லை; ஆகவே எது முதன்மை என்று முடிவுசெய்தே தீர வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவற்றின் விளைவாக, படமாக வரைவதை விடுத்து உலாவியிலேயே எளிய முன்மாதிரியை எழுதிப் பார்க்கும் முறை பரவியது. தமிழுக்கு இதன் பயன் மிகுதி. எழுத்துரு, வரிமுறிவு, தேடல் ஆகியன உண்மையில் நிகழ்வது உலாவியில்தான். வரைகலை மென்பொருளில் சரியாகத் தெரிவது விலை குறைந்த கைப்பேசியில் மாறித் தோன்றலாம். தேடலையும் இந்நிலையிலேயே சோதிக்கலாம். இராயபுரம், ராயபுரம் என ஒரே ஊர் இருவகையாக எழுதப்படுகிறது. ஒரு வடிவத்தைத் தட்டியவருக்கு மற்றொரு வடிவில் எழுதப்பட்ட செய்தி கிடைக்காமற்போவதை எந்தப் படமும் முன்கூட்டிக் காட்டாது. மொழிமுதலில் வாரா எழுத்துக்கு முன் உயிர் இடும் மரபை அறிந்தவரே இத்தகைய இணைப்பட்டியலை முழுமையாகத் தர இயலும்.

அணுகல் தரங்களும் இங்கே அளவுகோலாகின்றன. பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையிலான ஒளிமாறுபாடு 4.5:1 என்னும் விகிதத்துக்குக் குறையாமையும், 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளிப் படிக்க நேராமையும் உலகளாவிய அணுகல் நெறிகளுள் அடங்கும். கடற்கரை வெயிலில் கைப்பேசி பார்ப்பவர்க்கு இவை இன்றியமையாதன.

ஐந்தாம் முறை: உரையிலிருந்து தொடங்குதல்

மேற்கண்ட நான்கும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. நடைமுறையில் அடுத்தடுத்த படிகளாகவே கொள்ளப்படுகின்றன. வேறுபாடு எழுவது உரை எந்தப் படியில் நுழைகிறது என்பதில்தான். உரையை இறுதியில் நுழைப்பது பெருவழக்கு. முதலிலேயே எழுதி, அதன் நீளத்துக்கும் வரிசைக்கும் ஏற்பப் பக்கத்தை வரைவது உள்ளடக்க முதன்மை முறை.

எடுத்துக்கொண்ட தளத்தில் இம்முறை இவ்வாறு செயற்படும். வாயுக்கசிவு அறிவிப்பை முதலில் வெற்றுரையாக எழுத வேண்டும்: எந்த ஊர்கள், எத்திசையில் செல்லல், எதனால் மூக்கை மூடல், யாரை அழைத்தல். இவ்வரிசை முடிவானபின் அதுவே பக்கத்தின் மேலிருந்து கீழான வரிசையாகும். பெயர்ச்சின்னமும் வரவேற்புரையும் முதல் திரையைப் பிடிப்பதற்கு இடமிராது. உதவித்தொகைப் பக்கத்தை எழுதத் தொடங்கினால் மூன்று தொகைகளும் மூன்று பிரிவுகளாக நில்லாமல், ‘மீன்பிடித் தொழிலில் உள்ள குடும்பமா’, ‘படகு சேதமா’, ‘வேறு வகையில் பாதிப்பா’ என்னும் மூன்று வினாக்களாக மாறும். ஆணையின் மொழி படிப்பவரின் மொழியாக மாறும்போது பக்கத்தின் வடிவமும் உடன் பிறக்கிறது. நீளமான ஊர்ப்பெயரும் நீளமான துறைப்பெயரும் தொடக்கத்திலேயே இடம்பெறுவதால் பெட்டிகள் அவற்றைத் தாங்குமாறே வரையப்படும்.

சோதனையும் எளிது. எழுதிய உரையைக் கைப்பேசி அகலத்தில் வெட்டிய தாள்களில் அச்சிட்டு, குப்பத்து மக்கள் சிலரிடம் தந்து, ‘படகுக்கு எவ்வளவு உதவி என்று காட்டுங்கள்’ எனக் கேட்டு, விரல் செல்லும் வழியைக் குறித்துக்கொள்ளலாம். இத்தாள் முன்மாதிரிக்கு நிரல் எழுதத் தேவையில்லை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. நாள்தோறும் செய்தி சேரும் தளத்தில் எல்லா உரையையும் முன்கூட்டி எழுத இயலாது. அங்கு மாதிரி உரைகளை வகைக்கொன்றாகத் தேர்ந்து, அவற்றுள் மிக நீண்டதையும் மிகக் குறுகியதையும் கொண்டு பக்கத்தைச் சோதிப்பதே தக்கது. நிரப்புரை தேவைப்படும் இடங்களிலும் தமிழ் உரையே நிரப்புரையாதல் வேண்டும்.

பதிப்பியலோடு உறவு

ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியும் சொல்லிடைவெளியும் இல்லை. அவை அச்சுக்கு வந்தபோது சொற்பிரிப்பு, தலைப்பு, உரையையும் மூலத்தையும் வேறுபடுத்தும் எழுத்தளவு, அடிக்குறிப்பு, அகராதி ஆகியவற்றைப் பதிப்பாசிரியர்கள் முடிவு செய்தனர். ஆறுமுக நாவலரும் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் செய்தது பாடம் தேர்தல் மட்டுமன்று. படிப்பவர் கண் எவ்வழிச் செல்ல வேண்டும் என்பதையும் வகுத்தனர். அம்முடிவுகளை அச்சகத்தாரிடமே விட்டிருந்தால் பனுவல் அச்சுப்பலகைக்கேற்பக் குறுகியிருக்கும்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகமும், 2005இல் உருவான நூலகம் தளமும் தமிழ்ப் பனுவல்களை வலைக்குக் கொண்டுவந்தன. எழுத்துருச் சிக்கல் முன்னின்ற காலத்தில் எழுத்து திரையில் தெரிவதே முதல் கவலையாக இருந்தது. ஒருங்குறி பரவியபின் அக்கவலை பெரிதும் நீங்கியது. இப்போது எஞ்சி நிற்பது, தெரியும் எழுத்து படிக்கத்தக்க பக்கமாக அமைகிறதா என்னும் வினா.

முடிவுரை

தளவரைபடம் வகைப்பாட்டையும், சட்டக வரைவு வரிசையையும், மாதிரித் தோற்றம் அழகையும், இயங்கு முன்மாதிரி நடத்தையையும் சோதிக்கின்றன. நான்கிலும் உண்மைத் தமிழ் உரை இல்லையெனில் பிழைகள் இறுதிக்கட்டத்தில் வெளிப்பட்டு, அவற்றின் விலையைப் பனுவலே செலுத்த நேர்கிறது. உரையை முதலில் எழுதும் முறையில் சொல் நீளம், வரிமுறிவு, எழுத்தெண்ணிக்கை, வழக்குச்சொல் ஆகியன தொடக்கத்திலேயே வடிவத்தை முடிவு செய்கின்றன.

ஆதலின் தமிழ் வலைத்தளம் ஒன்றைத் திட்டமிடும் குழுவில் தமிழறிந்தவரின் இடம், முடிந்த பக்கத்தில் ஒற்றுப்பிழை திருத்துவதோடு அமையாது. முதல் தாளை வரையும்போதே அவர் உடனிருத்தல் வேண்டும். நள்ளிரவில் வாயு நெடியோடு வீட்டைவிட்டு வெளியேறும் ஒருவர் கைப்பேசியில் தேடுவது தம் ஊர்ப்பெயரை. அப்பெயர் குறையாமலும் சிதையாமலும் முதல் திரையிலேயே அவர் கண்ணில் படுவதற்கு அத்திட்டமிடலே வழிசெய்யும்.